நம் கையெழுத்தை நம்பி இறங்குகிறார்கள்: பாதுகாப்பு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் தொழிற்சாலைகளிலும் கட்டுமான இடங்களிலும் சேஃப்டி ஆபீசராக வேலை பார்க்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

ஒவ்வொரு மார்ச் 4-ஆம் தேதியும் நாம் ஏதாவது ஒரு மண்டபத்தில் சந்தித்துக்கொள்கிறோம். 1966-இல் அந்த நாளில்தான் தேசியப் பாதுகாப்பு மன்றம் தொடங்கப்பட்டது. 1972 முதல் அதைத் தேசியப் பாதுகாப்பு தினமாகக் கொண்டாடுகிறோம். பேட்ஜ் குத்திக்கொள்கிறோம், உறுதிமொழி வாசிக்கிறோம், வாசகப் போட்டிக்குப் பரிசு கொடுக்கிறோம். அப்புறம் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்ததும் பேச்சு தவறாமல் ஒரே இடத்துக்கு வந்து சேருகிறது. "நம்ம வேலைக்கு மரியாதையே இல்லை சார்." மேனேஜ்மென்ட் நம்மைத் தண்டச் செலவு என்கிறது. புரொடக்‌ஷன்காரர்கள் இடைஞ்சல் என்கிறார்கள். தொழிலாளர்களுக்கு நாம் ஹெல்மெட் போலீஸ். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால், "சேஃப்டின்னா... செக்யூரிட்டி வேலையா தம்பி?" என்கிறார்கள்.

23 வருடங்களாக இந்தப் பேச்சில் நானும் சேர்ந்து தலையாட்டியிருக்கிறேன். மரியாதை இல்லை என்பது உண்மைதான். ஆனால் காரணத்தை எப்போதும் வெளியிலேயே தேடுகிறோம். என் அனுபவத்தில் பாதிக் காரணம் நம் மேசை மேலேயே, பெர்மிட் புத்தகத்துக்கும் (ஆபத்தான வேலையைத் தொடங்க நாம் எழுதிக் கொடுக்கும் அனுமதித் தாள்) பேனாவுக்கும் நடுவில் இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்த மடல். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். வட சென்னையைத் தாண்டி ஒரு ஆலை. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யக் காண்ட்ராக்ட் ஆட்கள் வந்திருந்தார்கள். ஷட்டவுன் முடிந்து மதியம் 2 மணிக்கு லைன் ஓட வேண்டும். காலை 10 மணிக்கு சூப்பர்வைசர் பெர்மிட் புத்தகத்தை என் மேசைக்குக் கொண்டு வந்தார். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. ஆக்சிஜன் 20.9. எரியும் வாயு 0. ஹைட்ரஜன் சல்ஃபைடு 0. முத்து முத்தான எழுத்து. நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கேஸ் மீட்டர் அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் இருந்த அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அதன் சாவி என் மேசை டிராயரில் இருந்தது.

இறங்கிய பையனுக்கு 20 வயது இருக்கும். அடியில் படிந்திருந்த சகதியை மண்வெட்டியால் கிளறியதும் வாயு கிளம்பியிருக்கிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம். கொஞ்ச நேரத்தில் நாற்றமே இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும் என்பது நமக்குப் பாடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். அவனுக்கு யார் சொன்னார்கள்? நாற்றம் போனதை நல்லதென்று நினைத்து இன்னும் இரண்டு வாளி அள்ளியிருக்கிறான். அப்படியே சரிந்துவிட்டான். மேலே நின்ற பெரியவர் பதறிப்போய்த் தானும் உள்ளே குதிக்காமல், பையன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தார். அந்த நிதானம் இரண்டு உயிரைக் காப்பாற்றியது.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் மரியாதைக்காக எழுந்து உட்காரப் பார்த்தான். "ஏம்ப்பா, கேஸ் டெஸ்ட் பண்ணியாச்சான்னு கேட்டுட்டு இறங்கக் கூடாதா?" என்று கேட்டேன். இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. அவன் கோபப்படவே இல்லை. "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்கன்னு அண்ணன் தாளைக் காட்டுனாரு சார். அதான் இறங்கினேன்" என்றான்.

விசாரணை அறிக்கையை நான்தான் எழுதினேன். அடிப்படைக் காரணம் என்ற இடத்தில், 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினேன். காண்ட்ராக்டரை மாற்றினார்கள். என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த வருடம் சம்பள உயர்வும் வந்தது.

நண்பர்களே, அந்தப் பையன் தாளில் இருந்த எண்கள் எதையும் படிக்கவில்லை. கீழே ஒரு ஆபீசர் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். அவன் வைத்திருந்தது முழு மரியாதை. உயிரையே ஒப்படைக்கிற மரியாதை. அதற்கு நான் தகுதியாக இல்லை. பந்தியில் மரியாதை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அவன் முகம்தான் வருகிறது.

சட்டம் நம்மைக் கைவிட்டுவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. தொழிற்சாலைகள் சட்டத்தில் 40பி பிரிவு 1976-இல் சேர்ந்தது. 1,000 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையிலும், ஆபத்தான செய்முறை என்று அரசு கருதும் ஆலையிலும் பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்றது. 1984 டிசம்பரில் போபால் நடந்தது. அதற்குப் பிறகு 1987-இல் அபாயகரமான தொழில்களுக்கென்று ஒரு தனி அத்தியாயமே எழுதிச் சேர்த்தார்கள். நம் பணி பற்றிய விதிகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஆலையின் தலைமை நிர்வாகிக்கு நேரடியாகக் கீழே வேலை செய்ய வேண்டும், மூத்த அதிகாரி என்ற அந்தஸ்து தர வேண்டும், பாதுகாப்பு வேலைக்குக் குந்தகமான வேறு எந்த வேலையையும் தரக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது.

நடப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் ஹெச்.ஆர். மேனேஜருக்குக் கீழே இருக்கிறோம். மீதிப் பேர் புரொடக்‌ஷன் ஹெட்டுக்குக் கீழே. அதாவது, எந்த மெஷினை நிறுத்தச் சொல்ல வேண்டுமோ அதை ஓட்டச் சொல்கிறவருக்குக் கீழே. கேண்டீன், பஸ், தோட்டம், கேட் பாஸ் எல்லாம் நம் தலையில் இருக்கிறது. இதை எதிர்த்து ஒரு தாளாவது எழுதிக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானே 12 வருடம் எழுதவில்லை. எழுதிக் கொடுத்தபோது கேண்டீன் பொறுப்பை வாங்கிக்கொண்டார்கள், பஸ் பொறுப்பை என்னிடமே விட்டுவிட்டார்கள். முழு வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு தாளுக்குப் பிறகு ஆலைத் தலைவர் என்னிடம் பேசும் தொனி மாறியது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இனி, எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் மேடையில் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். விபத்தை மறைப்பது.

ஒரு தொழிலாளி அடிபட்டு 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு அறிக்கை போக வேண்டும். இந்த 48 மணி நேரம் நம் தொழிலைக் கெடுத்த அளவுக்கு வேறு எதுவும் கெடுக்கவில்லை என்பேன். கையில் கட்டோடு இருப்பவரை மறுநாளே கார் அனுப்பிக் கூட்டி வந்து, டைம் ஆபீஸில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். வருகைப் பதிவு விழுந்துவிடுகிறது. கேட்டில் இருக்கும் பலகையில் 'விபத்தில்லா நாட்கள் 412' என்பது அடுத்த நாள் 413 ஆகிறது. அந்தப் பலகையில் எண்ணை மாற்றுவது யார்? நாம்தான்.

விரல் போனவருக்கு இதில் என்ன நஷ்டம் என்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் இளைய அலுவலர்களில் பலருக்கு இது தெரியவில்லை. அடிபட்டவர் ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவராக இருந்து, அது வேலையில் பட்ட அடி என்று பதிவாகியிருந்தால், நிரந்தர ஊனத்துக்கான உதவித்தொகை அவருக்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும். சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவக் குழு சொல்கிறதோ அதற்கு ஏற்ற தொகை. 26 வயதில் இரண்டு விரல் இழந்த ஒருவருக்கு அது 40 வருட வருமானம். அவரை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல், ரகசியமாகத் தனியார் கிளினிக்கில் தையல் போட்டு, கையில் 20,000 ரூபாயைக் கொடுத்து அனுப்பினால், அந்த 40 வருடத்தையும் நாம் பறித்துக்கொள்கிறோம். பலகையில் ஒரு எண்ணுக்காக. அந்தக் கவரைக் கொண்டுபோய்க் கொடுத்த ஆட்களில் சேஃப்டி ஆபீசர்களும் உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் இதைச் செய்தவரும் செய்யாதவரும் ஒரே மாதிரி பேட்ஜ் குத்திக்கொண்டு ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்வரை, வெளியே இருப்பவர்கள் நம்மைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

ஹெல்மெட் போலீஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்பதையும் யோசித்திருக்கிறேன். நாம் படித்த பாடத்தில் ஒரு வரிசை உண்டு. ஆபத்தையே நீக்க முடியுமா பார். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த ஒன்றை வை. பிறகு மெஷினுக்குக் காப்பு போடு. பிறகு வேலை முறையை மாற்று. இதெல்லாம் செய்தும் மிச்சமிருக்கும் ஆபத்துக்குத்தான் ஹெல்மெட், கையுறை, ஷூ. கடைசிப் படி அது. நாம் காலையில் ஷாப்புக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது அந்தக் கடைசிப் படியைத்தான், ஏனென்றால் அதற்குச் செலவு குறைவு, சண்டை குறைவு. தொழிலாளியிடம் சத்தம் போட்டால் போதும், மேலே யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

அம்பத்தூர்ப் பக்கம் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் தகட்டை அழுத்தும் ராம் என்ற பகுதி இறங்கும். கை வெளியே இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரு பட்டனில் எதையாவது சொருகி வைத்துவிட்டு ஒரு கையாலேயே ஓட்டுகிறார் ஆபரேட்டர். நாம் பார்த்துவிட்டால் மெமோ. அடிபட்டுவிட்டால், 'பாதுகாப்புச் சாதனத்தைச் செயலிழக்கச் செய்தார்' என்று அறிக்கை. ஒரு முறை மெமோவைக் கையில் வைத்துக்கொண்டே அந்த அண்ணனிடம் கேட்டேன், "ஏண்ணே இப்படிப் பண்றீங்க?" அவர் என்னைப் பேனாவும் பேப்பரும் எடுக்கச் சொன்னார். ஷிஃப்டுக்கு இவ்வளவு பீஸ், ஒரு பீஸுக்கு இத்தனை நொடி, இரண்டு கையும் பட்டனில் இருந்தால் பீஸை எடுத்து வைக்க எத்தனை நொடி என்று வரிசையாகக் கணக்குச் சொன்னார். இரண்டு பட்டனை அழுத்தினால் அந்த டார்கெட் வரவே வராது. விபத்தை டார்கெட்டிலேயே எழுதி வைத்திருந்தார்கள். நான் அதுவரை அந்தத் தாளைப் பார்த்ததே இல்லை.

மெமோவைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஆறு வாரம் இழுத்தது. பிரஸ்ஸில் பீஸுக்கு வடிவம் கொடுக்கும் அச்சான டையின் முகப்பில் கை நுழையாதபடி காப்பும், பீஸைச் சரித்து அனுப்ப ஒரு சறுக்குத் தட்டும் வந்தன. சறுக்குத் தட்டை எங்கள் டூல் ரூமிலேயே பழைய தகட்டில் செய்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஷாப்பில் நான் ஹெல்மெட் போடச் சொன்னால் போட்டார்கள். ஏன் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிரிட்டனில் இந்தத் தொழிலுக்கு வேறு மாதிரிக் கெட்ட பெயர் வந்தது. எதற்கெடுத்தாலும், 'பாதுகாப்பு விதி இடம் தராது' என்று தடை போடுகிறார்கள் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அங்குள்ள அரசுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் ஒரு குழுவையே அமைத்து, யாராவது பாதுகாப்பைச் சாக்காகச் சொல்லி எதையாவது தடுத்தால் எங்களிடம் கேளுங்கள் என்று மக்களிடம் சொன்னது. வந்த கேள்விகளுக்கு, இதற்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று வெளிப்படையாகவே பதில் போட்டது. தங்கள் தொழிலின் பெயரைத் தவறாகப் பயன்படுத்துகிறவரைத் தாங்களே தட்டிக் கேட்டார்கள். நம் ஊரின் நிலைமை அதற்கு நேர் எதிர். தடுக்க வேண்டிய இடத்தில் நாம் தடுப்பதில்லை. ஆனால் நம் பெயரைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், நாம் அவர்களைத் தட்டிக் கேட்பதும் இல்லை.

கேட்டுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பது நம் செக்லிஸ்டில் கிடையாது. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இரவில் உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ஆலைப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் உடம்புக்கு முடியாமல் போய், நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். தொழிலாளி எங்கே தூங்குகிறார், எதைச் சாப்பிடுகிறார் என்பதும் பாதுகாப்புதான் என்று சொல்ல, நம் தரப்பிலிருந்து ஒரு குரல் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

மொழி இன்னொன்று. அந்தப் பகுதித் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் பேசும் மொழி பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நம் நியமனத் தகுதிகளில் ஒன்று. அந்த விதி எழுதியபோது நம் ஆலைகளில் பெரும்பாலும் தமிழர்கள். இன்று ஒரகடத்திலோ ஓசூரிலோ வேலை தொடங்கும் முன் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு நடக்கும் டூல்பாக்ஸ் கூட்டத்தில் போய் நின்று பாருங்கள். ஒடியா, வங்காளி, அசாமி, இந்தி. நாம் தமிழும் ஆங்கிலமும் கலந்து பத்து நிமிடம் பேசுகிறோம். அவர்கள் தலையாட்டுகிறார்கள். வருகைத் தாளில் வரிசையாகக் கையெழுத்து, சிலருக்குக் கைநாட்டு. நான் 50 வயதுக்கு மேல் இந்தி கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். இலக்கணமெல்லாம் வரவில்லை. 'நில்', 'இறங்காதே', 'மூச்சு முட்டுகிறதா', 'கயிறு எங்கே', 'பயப்படாமல் சொல்' என்று ஒரு 60 வாக்கியம். ஒடியாவில் இப்போது 20 வாக்கியம். அந்த ஆட்களில் ஒருவரையே உட்கார வைத்துக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். யார் வேண்டுமானாலும் கேளுங்கள், அந்த நோட்டைத் தருகிறேன்.

சரி, படிப்புக்கு வருவோம்.

தென் மாவட்டங்களில் எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் சுவரில் ஒரு விளம்பரம் இருக்கிறது. ஃபயர் அண்ட் சேஃப்டி படியுங்கள், பத்தாவது தேறாதவரும் சேரலாம், வெளிநாட்டு வேலை உறுதி. கடன் வாங்கிப் பணம் கட்டுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பையன் ஆறு மாதம் கழித்து ஒரு சான்றிதழோடு வருகிறான். கேஸ் மீட்டரைக் கையால் தொட்டிருக்க மாட்டான். உயரத்தில் விழாமலிருக்கக் கட்டிக்கொள்ளும் ஹார்னஸை எங்கே கொக்கி மாட்ட வேண்டும் என்று கேட்டால் புத்தகத்தில் இருக்கும் படத்தைச் சொல்வான். அவன் மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஏமாந்தவன் அவன். தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது, அங்கே ஒரு வருடம் முழுதாக உட்கார்ந்து டிப்ளமோ படிப்பவர்கள் இருக்கிறார்கள். திருச்சி என்.ஐ.டி.யில் இந்தத் துறையில் முதுநிலைப் பட்டமே இருக்கிறது. இரண்டு வகையினரும் கட்டுமான சைட்டில் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். சாரத்தில் ஏறப் போகிறவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

இது இப்போது அவசரமான விஷயமாகிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் பணிப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. பாதுகாப்பு அலுவலர் கட்டாயம் என்பதற்கு 1,000 பேர் என்றிருந்த வரம்பை அது 500 ஆக்கியிருக்கிறது; அபாயகரமான செய்முறையுள்ள ஆலைக்கும் கட்டுமானத்துக்கும் 250, சுரங்கத்துக்கு 100. இதுவரை பாதுகாப்பு அலுவலரே இல்லாத எத்தனையோ இடங்களில் இனி ஒருவரை வைத்தாக வேண்டும். நல்ல செய்திதான். ஆனால் ஆள் தேவை கூடும்போது, சட்டத்துக்கு ஒரு பெயர், தாளுக்கு ஒரு கையெழுத்து என்று மலிவாக ஆள் தேடுவதும் கூடும். சுவர் விளம்பரங்கள் இன்னும் பெரிதாகும்.

நம் ஆலையில் பாய்லர் ஓட்டுகிறவரிடம் அரசு கொடுத்த தகுதிச் சான்று இருக்க வேண்டும். மின் வேலை பார்க்கிற சூப்பர்வைசருக்கும் அப்படித்தான். நம் கம்பெனிக் கணக்கில் கையெழுத்துப் போடும் ஆடிட்டரைப் பாருங்கள். அவர் பெயர் அவர்களுடைய சங்கப் பதிவேட்டில் இருக்கிறது. அவர் கொடுக்கும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் 2019 முதல் தனி எண் உண்டு. யார் வேண்டுமானாலும் இணையத்தில் அந்த எண்ணைப் போட்டு, அது அவர் கொடுத்ததுதானா என்று சரிபார்க்கலாம். பார்க்காமல் கையெழுத்துப் போட்டு மாட்டினால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்க முடியும். முதலாளி அழுத்தம் கொடுக்கும்போது அவரால், "சார், இதுல நான் கையெழுத்துப் போட்டா என் மெம்பர்ஷிப் போயிடும்" என்று சொல்லித் தப்பிக்க முடிகிறது. முதலாளியும் அதைப் புரிந்துகொள்கிறார்.

எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் இது உறைத்தது. நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லாததுதான் நம் பலவீனம். பதிவேடு என்றால் இன்னொரு கட்டணம், இன்னொரு கெடுபிடி என்று நம்மில் பலர் முகம் சுளிக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். இன்று மேனேஜர், "போடுங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லும்போது, மறுத்தால் நம் வேலை போகும். போட்டால் நமக்கு ஒன்றும் ஆகாது. தராசு முழுக்க ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நம் சம்பளத்தைக் கொடுக்கிறவரையே நாம் தடுக்க வேண்டியிருக்கிற தொழில் இது. எடுத்துக்கொள்ளக் கூடிய ஒரு பதிவு நம் கையில் இருந்தால், முடியாது என்று சொல்வதற்கு நமக்கும் ஒரு காரணம் கிடைக்கிறது. நம் இடத்துக்கு வேறொருவரைக் கூட்டி வந்தாலும், அவருக்கும் அதே பதிவு, அதே பயம்.

சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்த நம் ஆட்களைக் கேளுங்கள். 2004-இல் நிக்கல் ஹைவேயில் சுரங்கப்பாதைக் கட்டுமானம் சரிந்து 4 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே சட்டத்தையே மாற்றி, 2006-இல் புதிதாக எழுதினார்கள். அங்கே பாதுகாப்பு அலுவலர் என்றால் மனிதவள அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவைப் புதுப்பிக்க, தொடர்ந்து படித்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும். மதுரையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் போன பையன்கள்தான் அந்தப் பதிவை வாங்கிக்கொண்டு அங்கே வேலையை நிறுத்துகிறார்கள், மீண்டும் தொடங்க அனுமதிக்கிறார்கள். அதே பையன் ஊர் திரும்பி இங்கே ஒரு சைட்டில் சேர்ந்தால், கேட் பாஸ் எழுத உட்கார வைக்கிறோம்.

பதிவேட்டை அரசுதான் கொண்டு வர வேண்டும். இயக்ககத்துக்கு இதை ஒரு மனுவாக எழுதியிருக்கிறேன், உங்கள் கையெழுத்தும் வேண்டும். மனு போய்ச் சேர்ந்து பதில் வர எவ்வளவு காலம் ஆகும் என்பது நம் கையில் இல்லை. அதுவரை காத்திருக்காமல் நாம் செய்யக்கூடியவை இருக்கின்றன.

இடத்தைப் பார்க்காமல் எந்தப் பெர்மிட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தொட்டி வேலை என்றால் மீட்டரை உங்கள் கையால் இறக்குங்கள். வாயில் மட்டும் பார்த்துவிட்டு வராமல் மேலே, நடுவில், அடியில் பாருங்கள். சகதியைக் கிளறும்போது மறுபடி பாருங்கள். மறுத்த பெர்மிட்டுகளுக்கு என்று ஒரு தனி நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், என்ன வேலை, ஏன் மறுத்தேன், யார் வற்புறுத்தினார், கடைசியில் என்ன ஆயிற்று. நான் ஏழு வருடமாக எழுதுகிறேன். ஆரம்பத்தில் மேனேஜர்கள் கோபப்பட்டார்கள். பிறகு, நான் மறுப்பேன் என்று தெரிந்ததால் சாரத்தை முன்கூட்டியே சரி செய்துவிட்டு என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது அந்த நோட்டில் மாதத்துக்கு ஒரு பக்கம்கூட நிரம்புவதில்லை.

விசாரணை அறிக்கையில் 'கவனக்குறைவு' என்ற சொல்லை எழுதுவதை நிறுத்துங்கள். அதை எழுதத் தோன்றும்போதெல்லாம், அந்தக் கவனக்குறைவு உயிரை எடுக்கிற அளவுக்கு மெஷினை யார் அப்படி விட்டு வைத்தார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பல நேரம் பதில் டார்கெட் தாளில் இருக்கும், சில நேரம் நம் பெர்மிட் புத்தகத்திலேயே இருக்கும்.

கேட்டில் இருக்கும் பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டார்கள் என்றால், அதில் எண்ணை மாற்றுவது என் வேலை இல்லை என்று எழுதிக் கொடுங்கள். அடிபட்டவருக்கு ஈ.எஸ்.ஐ. விபத்து அறிக்கை போய்விட்டதா என்று நீங்களே பார்த்து, நகலை அவர் கையில் கொடுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

இதனால் சிலருக்கு வேலை போகலாம். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. எனக்கே ஒரு முறை போயிருக்கிறது. ஐந்து மாதம் வீட்டில் இருந்தேன், மனைவியின் சம்பளத்தில் சாப்பிட்டோம். அப்போது நம்மவர்களில் இரண்டே பேர் போன் செய்தார்கள். இனி ஒருவருக்கு அப்படி நடந்தால், அவர் மறுத்த பெர்மிட்டின் நகலோடு நாம் 50 பேராவது அந்த ஆலைத் தலைவருக்குக் கடிதம் எழுத வேண்டும். அவர் இடத்துக்குக் கூப்பிட்டால் நம்மில் யாரும் போகக் கூடாது. இவ்வளவுதான் நான் கேட்கும் ஒற்றுமை.

அந்தத் தொட்டிப் பையனை நான் பிறகு தேடினேன். காண்ட்ராக்டர் மாறிவிட்டதால் முகவரி கிடைக்கவில்லை. இப்போது 40 வயதைத் தாண்டியிருப்பான். அவன் கண்ணில் இந்த மடல் பட்டால், விசாரணை அறிக்கையில் நான் எழுதியது பொய் என்று அவனுக்குத் தெரியட்டும்.

அடுத்த மார்ச் 4 அன்று வரும்போது உங்கள் மறுப்பு நோட்டைக் கையில் கொண்டு வாருங்கள். வாசகப் போட்டிக்கு ஒதுக்கும் ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் வாசிப்போம். என் நோட்டை நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்